நான்கு விடைகளுள் ஒன்று

கேரளம் தனி மாநிலமாக அமைந்த 1956 நவம்பர் 1 முதல் இயங்கிவரும் கேரள அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தலைமையகம், திருவனந்தபுரத்தில் பட்டம் என்னும் பகுதியில் உள்ளது. மொழிச் சிறுபான்மையினர் பொருட்டுச் சில தேர்வுகளின் வினாக்களை அவ்வாணையம் தமிழிலும் தருகின்றது. பிறமாநிலத்தில் குடியேறி வாழும் நம்மவரின் பிள்ளைகள் பலர்க்கு வாழ்வின் வழி இத்தகைய வினாத்தாளில்தான் திறக்கின்றது. ஆகவே, அதில் வரும் தருக்க வினாக்களுக்கு விடை தேரும் முறையைச் சிறிது ஆராய்வோம்.

'தென்னைகள் எல்லாம் மரங்கள். மரங்களுள் சில உயரமானவை. ஆகவே தென்னைகளுள் சில உயரமானவை.' இம்முடிவு பொருந்துமா? கோவளக் கரையில் நிற்பவர் பொருந்தும் என்றே கூறுவர். ஆனால் வினா கேட்பது நாம் கண்ணாற் கண்டதை அன்று. தந்த கூற்றுகளிலிருந்து அம்முடிவு தவறாது பிறக்குமா என்பதையே. உயரமான அச்சில மரங்கள் தேக்கும் ஈட்டியுமாக மட்டும் இருத்தல் கூடுமன்றோ? அவ்வாறு ஒரு நிலையை எண்ண இயலுமாயின் முடிவு வீழ்ந்துவிடும். புறத்தே வயிரமுடைய தென்னை, தொல்காப்பிய நெறிப்படி புல்லினம் அன்றோ என்று வாதிடுவதும் அங்கே செல்லாது. கூற்றை அப்படியே ஏற்றல் வேண்டும்.

'சில' என்னும் சொல்லிலும் கருத்து வேண்டும். பேச்சு வழக்கில் அது 'எல்லாம் அல்ல' என்ற குறிப்பைத் தரும். தருக்கத்திலோ 'ஒன்றேனும் உண்டு' என்பதே அதன் பொருள். எல்லாமே அவ்வாறு இருப்பினும் இழுக்கில்லை.

இனி, கூற்றைத் தலைகீழாக்கும் விடைகள் உள. நெருப்பில்லாமல் புகையாது என்கிறோம். ஆகவே, புகை கண்ட இடத்தில் நெருப்பு உண்டு எனலாம். ஆனால் நெருப்புள்ள இடமெல்லாம் புகையும் எனல் பொருந்தாது. நன்கு கனிந்த கரியில் தணல் உண்டு, புகை இல்லை. அவசரத்தில் இவ்விரண்டும் ஒன்றுபோலத் தோன்றும்.

ஐயம் நீங்காதபோது என் செய்வது? இவ்வாணையத்தின் கொள்குறித் தேர்வுகளில் சரியான விடைக்கு 1 மதிப்பெண் எனின், பிழையான விடைக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு கழிக்கும் முறை உண்டு. நான்கு விடைகள் உடைய 12 வினாக்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு விடை குறித்தால், சராசரியாக 3 சரியாகும், 9 பிழையாகும். பெற்ற 3-ம் கழிந்த 3-ம் நேராகி, எஞ்சுவது ஒன்றுமில்லை. ஒவ்வொன்றிலும் ஒரு விடையை உறுதியாக விலக்கியபின் குறித்தால், சராசரியாக ஒன்றேகால் மதிப்பெண்ணுக்குச் சற்று மேல் எஞ்சும். இரண்டை விலக்கினால் 4 எஞ்சும்.

ஆதலின், எதையும் விலக்க இயலாத வினாவை விடுத்து மேற்செல்லுதல் நன்று. ஒன்றையேனும் காரணத்தோடு விலக்க முடிந்தால் துணிந்து குறிக்கலாம். சரியான விடையைத் தேடுவதற்கு முன், பொருந்தாதவற்றைத் தள்ளப் பழகுமாறு நம் இளைஞர்களுக்கு வீட்டிலேயே பயிற்சி அளிப்போமாக.