இருவாட்சியின் இல்லறம்

சித்திரையையும் வைகாசியையும் இளவேனில் என்று அழைத்தனர் நம் முன்னோர். நம் பிள்ளைகளுக்கோ அது விடுமுறைக் காலம். தேர்வு முடிந்ததும், "எங்கே போகலாம்?" என்று பெற்றோரைத் துளைத்தெடுக்கிறார்கள். மலைவாழிடங்களுக்குச் சென்று, கடைவீதி நெரிசலில் இடிபட்டு, படகுத்துறையில் வரிசையில் நின்று, களைத்துத் திரும்பும் குடும்பங்கள் எத்தனை! பணம் கரைகிறது, பயணமும் முடிகிறது. ஆனால் தந்தையும் தாயும் பிள்ளைகளும் ஒரு மணி நேரமாவது ஒருவரோடொருவர் அமைதியாய் இருந்தார்களா?

2023ஆம் ஆண்டுச் சித்திரையில், சில குடும்பங்களுடன் நாமும் ஆனைமலைக் காடுகளுக்குச் சென்றுவந்தோம். அங்கே ஒரு மரத்தின் முன்னே நாம் கற்றதை வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

மரங்கள் சறுக்கிய மலை

பொள்ளாச்சியிலிருந்து சேத்துமடை வழியாக மலையேறினால் டாப்சிலிப் வருகிறது. ஆங்கிலேயர் ஆட்சியில், வெட்டிய தேக்கு மரங்களை இம்மலைமுகட்டிலிருந்து கீழே சறுக்கிவிட்டனர். அதனால் வந்தது இப்பெயர். கப்பல் கட்டவும் இருப்புப்பாதைக்குக் கட்டைகள் இடவும் காடு மொட்டையாயிற்று. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்குப் பணியாற்றிய ஹியூகோ உட் என்னும் வன அதிகாரி, அடிமரங்கள் மீண்டும் துளிர்க்க வழிசெய்தார். புதிய தேக்குகளையும் வளர்த்தார். 1933இல் மறைந்த அவருடைய கல்லறை அங்கேயே உள்ளது. 'என் நினைவுச்சின்னத்தைத் தேடுகிறாயா? சுற்றிலும் பார்' என்னும் பொருள்பட அதில் இலத்தீனில் பொறித்திருக்கிறார்கள். இக்காடு 1976இல் சரணாலயமாகவும், 2007இல் புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பெற்றது.

தேக்கை நட்டு வளர்த்துவிடலாம். பல தலைமுறை கண்ட முதுமரத்தின் பொந்தை யாரால் நட முடியும்? அத்தகைய பொந்து இல்லையேல் இருவாட்சிக்கு இல்லறமே இல்லை. ஏனெனில், தானாக மரத்தைக் குடைந்து கூடமைக்கும் ஆற்றல் அப்பறவைக்குக் கிடையாது.

அடைத்த கதவு

சிறகை விரித்தால் ஏறத்தாழ 5 அடி அகலம். மஞ்சள் நிறப் பேரலகு. அதன்மேல் மகுடம்போல் ஒரு புடைப்பு. பறக்கும்போது எழும் ஓசையோ நீராவிப் புகைவண்டி வருவதுபோல் இருக்கும்! முட்டையிடும் காலம் வந்ததும், பெண் பறவை பொந்துக்குள் புகுந்து, எச்சத்தாலும் உணவு மிச்சத்தாலும் வாயிலை அடைத்துக்கொள்கிறது. எஞ்சுவது ஓர் அலகு நுழையும் இடுக்கு மட்டுமே. உள்ளே தன் சிறகிறகுகளையும் உதிர்த்துவிடுகிறது. அவை மீண்டும் முளைக்கும்வரை பறக்க இயலாது. தாயும் குஞ்சும் உண்பதெல்லாம் ஆண் பறவை கொண்டுவரும் உணவே. காட்டு அத்திப் பழங்களைத் தொண்டையில் சுமந்துவந்து, ஒவ்வொன்றாய் மேலே கொணர்ந்து ஊட்டுகிறது. ஒரு நாளன்று, இரு நாளன்று. திங்கள் கணக்காய் இப்பணி தொடர்கிறது. இடையில் அந்த ஆண் பறவை வேட்டைக்கு இரையானால், உள்ளிருப்பவை பசியால் மடிய நேரிடும்.

நாம் செய்த பிழை

அனுமதி பெற்று, காடர் இனத்தைச் சேர்ந்த வழிகாட்டி ஒருவருடன் அத்தகைய மரம் ஒன்றைத் தொலைவிலிருந்து காணச் சென்றோம். பிள்ளைகள் கூவினர், ஒருவரது கைப்பேசி பாடியது, நாமோ உரத்த குரலில் விளக்கவுரை நிகழ்த்திக்கொண்டிருந்தோம்! தொலைவில் சிறகோசை கேட்டது. ஆண் பறவை வந்தது, நம்மைக் கண்டது, தொண்டை நிறையப் பழத்துடன் திரும்பிச் சென்றுவிட்டது.

வழிகாட்டி மெல்லச் சொன்னார்: "சாமி, நீங்க பேசற வரைக்கும் அது வராது. உள்ளே இருக்கிறது பசியோட காத்திருக்கு."

நாணித் தலைகுனிந்தோம். வெகுதூரம் பின்வாங்கி, புதர் மறைவில் அமர்ந்தோம். முக்கால் மணி நேரம் ஒரு பேச்சுமில்லை. அன்னையரின் தோளில் பிள்ளைகள் சாய்ந்திருந்தனர். கடைசியில் அது வந்தது! இடுக்கின் வழியே உள்ளிருந்து ஓர் அலகு நுனி நீண்டது, பழம் கைமாறியது.

அப்போது பத்து வயதுச் சிறுவன் ஒருவன் தன் தந்தையின் காதில் கேட்டான்: "அப்பா, உள்ளே இருக்கிற குஞ்சுக்கு அதோட அப்பா முகம் தெரியுமா?"

தந்தை நூற்பாலையில் இரவு வேலை பார்ப்பவர். மகன் விழித்திருக்கையில் அவர் உறங்குவார். அவர் விழிக்கையில் அவன் பள்ளியில் இருப்பான். சற்று நேரம் பேசாதிருந்தார். பின்னர், "அலகு மட்டும்தான் தெரியும்டா" என்றார். அவர் குரல் தழுதழுத்தது.

ஊர் திரும்பி இரண்டு வாரம் சென்றபின் நம்மைக் காண வந்தார். "சாமி, மாதத்தில் பாதி நாளாவது பகல் முறை தரும்படி கேட்டிருக்கிறேன். கூலி கொஞ்சம் குறையும். பரவாயில்லை, பையன் என் முகத்தைப் பார்க்கட்டும்" என்றார்.

பெற்றோரே, சிந்திப்பீர்!

உணவு கொணர்பவர் வெறும் அலகாகிவிடக் கூடாது. முகமும் காட்ட வேண்டும். நம் இல்லங்களில் எத்தனை பிள்ளைகளுக்குத் தந்தை என்பவர் சம்பளமும் சட்டையும் மட்டுமே? இதற்காக உழைக்கும் தந்தையரைக் குறைகூற நாம் முன்வரவில்லை. பசியறியாமல் காப்பதும் அன்புதான். ஆனால் அந்த அன்பை அருகிருந்து காணும் வாய்ப்பும் பிள்ளைகளுக்கு வேண்டுமல்லவா?

மாறுவதற்குக் காலம் கடந்துவிடவில்லை. ஆனைமலையை அடுத்த வாழச்சால் காட்டில், முன்பு இருவாட்சிக் குஞ்சுகளை உணவுக்காக எடுத்துவந்த காடர் மக்களே, இன்று அதே கூடுகளைக் கண்காணித்துக் காக்கிறார்கள். கை அதே கை, நோக்கம் மாறிற்று.

ஆகவே, இவ்விடுமுறையில் ஒரேயொரு நாளைக் குடும்பமாய் இயற்கையின் மடியில் கழியுங்கள். காட்டுக்குச் செல்வோர் அனுமதியுடன் செல்லுங்கள், கூட்டை நெருங்காதீர்கள், குரங்குகளுக்குத் தின்பண்டம் எறியாதீர்கள், கைப்பேசியை அணைத்துவிடுங்கள். தொலைதூரம் செல்ல வசதியில்லையா? ஊர்க் குளக்கரையும் ஆலமரமும் போதும். கொல்லை வேம்பில் காகம் கூடு கட்டியிருந்தால், திண்ணையில் அமர்ந்து சேர்ந்து பாருங்கள். அரை மணி நேரம் பேசாதிருங்கள். அதன்பின் பிள்ளைகள் கேட்கும் கேள்விக்குச் செவிகொடுங்கள்.

அந்தக் கேள்விக்காகவே நாம் அவ்வளவு தூரம் மலையேறினோம் என்று இப்போது தோன்றுகிறது.