சிறுகக் கட்டி – 17: ஊர்ப் பெயர் நாலு தடவை

எங்கள் ஊர்ப் பெயரை, அயோத்தியாப்பட்டணம் என்று, கம்ப்யூட்டரில் ஒரு தடவை எழுதினால் 54 பைட். ஞாயிற்றுக்கிழமை, காபி ஆறிப்போகிற வரை உட்கார்ந்து எண்ணினேன். யூனிகோடை வழக்கமாகச் சேமிக்கிற யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒன்றுக்கு மூன்று பைட் பிடிக்கும். ‘அ’ ஒரு குறி. ‘யோ’ இரண்டு, ‘ய’ தனி, ஓகாரம் தனி. கடைசி ‘ம்’ எழுத்தின் புள்ளிக்குக்கூடத் தனிக் கூலி. எல்லாம் கூட்டினால் 18 குறி, 54 பைட். ஊர்ப் பெயரை நாலு தடவை எழுதினால் 216. ஐந்தாவது தடவை எழுதப் போனால் 270.

270 ஆனால் என்ன? ஆகக்கூடாது. இந்த வாரத்து எல்லை 256.

போன வாரம் ஜக்கார்டு தறிக்கு அட்டை அடிக்கிறவர்களோடு நிறுத்தினேன். விட்டவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளுங்கள். இந்த வாரம் தாம்பரத்துக்கு அழைத்துப் போவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். போகவில்லை. வழியில் ஒரு சுவீடன்காரர் பிடித்துக்கொண்டார்.

ஜெர்மனியில் சார்ப்ரூக்கன் நகரத்தில் ஒவ்வோர் ஈஸ்டருக்கும் ‘ரெவிஷன்’ என்று ஒரு கூட்டம் கூடும். மாரியம்மன் பண்டிகைக்கு வெளியூர்ப் பங்காளிகள் வந்து சேர்கிற மாதிரி, பல தேசத்திலிருந்தும் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அவரவர் எழுதிய புரோகிராமைப் பெரிய திரையில் ஓட்டுவார்கள். படமும் இசையும் சேர்ந்து ஓடும், சில நிமிடங்களில் முடியும். பார்த்தவர்களே ஓட்டுப் போடுவார்கள். இப்படிப்பட்ட புரோகிராமுக்கு டெமோ என்று பெயர். அதைச் சுற்றி வாழ்கிற கூட்டத்துக்கு டெமோசீன். அதனால் யாருக்கும் எந்த உபயோகமும் கிடையாது. வாசல் கோலத்தால் என்ன உபயோகமோ அதேதான்.

அங்கே 2017-இல் பழைய கம்ப்யூட்டர்களுக்கு ஒரு போட்டி. புரோகிராம் 4 கேபிக்குள், அதாவது 4,096 பைட்டுக்குள் இருக்க வேண்டும். லீனஸ் ஓகெசன் என்ற அந்த சுவீடன்காரர் கொண்டுவந்ததன் பெயர் ‘எ மைண்ட் இஸ் பார்ன்’, ஒரு மனம் பிறந்தது. அளவு 256 பைட். போட்ட இலையில் பதினாறில் ஒரு பங்கில் மட்டும் பரிமாறிவிட்டு முதல் பரிசை வாங்கிக்கொண்டு போனார்.

அது ஓடுகிற கம்ப்யூட்டர் 1982-இல் வந்த கமடோர் 64. மொத்த நினைவகமே 64 கேபி. அதன் ஒலிச் சில்லுக்கு ஒரே நேரத்தில் மூன்று குரல்தான் வரும். அந்த மூன்று குரலை வைத்துக்கொண்டு இரண்டு நிமிடத்துக்கு மேல் அடித்தாளமும் மெட்டும் விடாத சுருதியுமாக இசை ஓடுகிறது. இசை மாற மாறத் திரையும் உருமாறுகிறது. இதெல்லாம் எங்கள் ஊர்ப் பெயரை ஐந்து தடவை எழுத இடம் போதாத ஒரு கோப்புக்குள்ளிருந்து வருகிறது.

எப்படி? இதற்குத்தான் என் மூன்று நாள் போனது. மெட்டை ஸ்வரம் ஸ்வரமாக எழுதிவைக்க அதில் இடமில்லை. அதனால் அவர் எழுதிவைக்கவில்லை. ஓர் எண்ணை எடுத்து, அதன் பிட்டுகளை, அதாவது ஒன்று, பூஜ்யங்களை, வரிசையாக ஓரிடம் தள்ளு. விளிம்பில் விழுகிற பிட் ஒன்றாக இருந்தால், மிச்சத்தில் குறிப்பிட்ட இடங்களைப் புரட்டிப் போடு. மறுபடி தள்ளு. பல்லாங்குழியில் எடுத்து எடுத்துப் போட்டுக்கொண்டே போனால், எந்தக் குழியில் எத்தனை சேரும் என்று ஆடுகிறவருக்கே முன்கூட்டித் தெரியாது. ஆனால் ஆட்டம் விதி தவறாமல்தான் நடக்கும். அப்படி வருகிற எண்களிலிருந்துதான் அந்த மெட்டு கிடைக்கிறது. கோப்பைத் திறந்து தேடினால் மெட்டு கிடைக்காது. மெட்டைப் பெறுகிற கணக்குதான் கிடைக்கும்.

இந்த இடத்தில் உதவி ஆசிரியர் போன் செய்தார். “சார், நல்ல டெமோன்னா எதை வச்சு முடிவு பண்றாங்கன்னுதானே இந்த வாரத்து விஷயம்? சாயங்காலம் பக்கம் மூடணும்.” அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் வீட்டு வாசற்படியில் அண்ணி ஸ்டிக்கர் கோலம் ஒட்டியிருக்கிறார். சுத்தமான சிக்குக் கோலம், ஒரு கம்பி பிசகவில்லை. ஒட்டிய அன்று அம்மா குனிந்து பார்த்தார். “நல்லாத்தான் இருக்குது. ஆனா இது கோலமில்ல, கோலத்தோட போட்டோ” என்று சொல்லிவிட்டு, அதற்கு முன்னாலேயே தண்ணீர் தெளித்துப் புள்ளி வைக்க ஆரம்பித்தார். டெமோசீனின் முதல் சட்டத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. திரையில் தெரிவது அந்த நிமிடத்தில் அந்த மெஷின் போட்டுக் காட்டுவதாக இருக்க வேண்டும். எடுத்துவைத்த வீடியோவை ஓட்டினால் ஸ்டிக்கர். அதற்கு வேறு போட்டி உண்டு, அங்கே போய்க்கொள்ளலாம்.

இரண்டாவது சட்டம் எல்லை. அளவு 256 பைட், 4 கேபி, 64 கேபி என்று இருக்கலாம். அல்லது ‘இந்தப் பழைய மெஷினில்தான் ஓட வேண்டும்’ என்று இருக்கலாம். யாரும் வற்புறுத்தி வைத்த எல்லையல்ல. விரதம் மாதிரி தானே எடுத்துக்கொள்வது.

2004-இல் பிரேக்பாயிண்ட் என்ற விழாவில் ஃபார்ப்ரௌஷ் என்ற ஜெர்மன் குழுவின் கிளை ஒன்று ‘க்ரீகர்’ என்று ஒரு கேமைக் காட்டியது. முப்பரிமாணக் கூடங்கள், சுவரில் துரு, கையில் துப்பாக்கி, எதிரில் ராட்சசப் பூச்சிகள். மொத்தம் 96 கேபிக்குள். எங்கள் குடும்பக் குரூப்பில் காலை ஐந்தரைக்குச் சித்தப்பா அனுப்புகிற ரோஜாப்பூ வணக்கம் இதைவிடப் பெரிது. சுவரின் துருவைப் படமாக வைத்திருந்தால் 96 கேபி ஒரு சுவருக்கே போதாது. இவர்கள் துரு பிடிக்கவைக்கும் பக்குவத்தை மட்டும் எழுதிவைத்தார்கள். கட்டுச்சோறு கொண்டுபோகவில்லை, சமையல் குறிப்பைக் கொண்டுபோனார்கள். கேமைத் திறந்ததும் கொஞ்ச நேரம் காத்திருக்கச் சொல்லும். உள்ளே அடுப்பு எரிகிறது என்று அர்த்தம்.

மூன்றாவது, பார்க்கிறவன் தொழில் தெரிந்தவன். 2015-இல் அதே ரெவிஷனில் ‘8088 எம்பிஎச்’ என்று ஒரு டெமோ. ஐபிஎம் 1981-இல் விட்ட முதல் பிசியில் ஓடுவது. அதன் சிஜிஏ கலர் அட்டைக்கு மொத்தமே 16 நிறம். இவர்கள் அதில் 1,024 நிறம் காட்டினார்கள். கலர் அட்டையிலிருந்து பழைய டிவிக்குப் போகிற சிக்னலில் நிறங்கள் ஒன்றோடொன்று கலங்குகிற குறை ஒன்று உண்டு. அந்தக் குறையைப் பிடித்துக்கொண்டு நிறம் பெருக்கினார்கள். வெளியாளுக்கு அது சுமாரான பழைய படம். அரங்கத்தில் இருந்தவர்களுக்கு அந்த அட்டையின் வரம்பு மனப்பாடம், அவர்கள்தான் அசந்துபோனார்கள். நெய்த புடவையை ஊரே முன்பக்கம் பார்க்கும். நெசவாளி மட்டும் மறுபக்கம் திருப்பிப் பார்ப்பார்.

ஆனால் வித்தை மட்டும் போதுமா? போதாது என்பதற்கு 1993-இல் ஃபின்லாந்தின் அசெம்பிளி விழாவில் ஜெயித்த ‘செகண்ட் ரியாலிட்டி’ சாட்சி. ஃபியூச்சர் க்ரூ என்ற குழு, பர்ப்பிள் மோஷன், ஸ்கேவன் என்ற இரண்டு இசைக்காரர்கள். அதில் ஒவ்வொரு காட்சியும் தாளத்தின் மேல் வந்து உட்காரும்; தவில்காரர் தீர்மானம் வைக்கிற இடத்தில் நாதஸ்வரம் வந்து சேர்கிற மாதிரி. புரோகிராம் தெரியாதவனும் நிமிர்ந்து உட்காருவான். 2013-இல், இருபதாம் ஆண்டில், அதன் மூல நிரலை எல்லோருக்கும் திறந்துவைத்தார்கள். தெரிந்தவன் வியக்க வேண்டும், தெரியாதவன் ரசிக்க வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் கைதட்டல் பாதியில் நிற்கும்.

இந்தக் கலையின் பூர்வீகம் அவ்வளவு கௌரவமானதல்ல. 1980-களில் கேம்களின் காப்புப் பூட்டை உடைத்தவர்கள், உடைத்தது நாங்கள்தான் என்று முகப்பில் ஒட்டிய பெயர்ப் பலகையில் ஆரம்பித்தது. பலகையை எவன் அழகாக வைப்பது என்ற போட்டியில் திருட்டு பின்னால் போய், பலகை முன்னால் வந்துவிட்டது. 2020-இல் ஃபின்லாந்தும் 2021-இல் ஜெர்மனியும் டெமோசீனைத் தங்கள் நாட்டுப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்துக்கொண்டன.

ஆர்வம் தாங்காமல் நானும் ஒன்று முயன்றேன். கமடோர் காலத்திலிருந்தே பிரசித்தமான ஒரு வரி பேசிக் புரோகிராம் இருக்கிறது. நாணயம் சுண்டுகிற மாதிரி, இடச்சாய்வுக் கோடு ஒன்றோ வலச்சாய்வுக் கோடு ஒன்றோ ஏதாவதொன்றை அச்சிடு. திரும்ப முதலுக்குப் போ. அவ்வளவுதான். திரை முழுக்கச் சந்து சந்தாக ஒரு புதிர்ப்பாதை முளைத்து ஏறிக்கொண்டே இருக்கும். பெருமையாக அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, விரலால் திரையில் ஒரு கோட்டைப் பிடித்து நகர்ந்தார். மூன்றாவது திருப்பத்தில் நின்றார்.

“கம்பி உட்டுப்போச்சே. எங்கயும் போய்ச் சேரலியேடா.”

கோலத்தில் கம்பி புறப்பட்ட இடத்துக்குத் திரும்ப வேண்டும், ஒரு புள்ளியும் அநாதையாக நிற்கக்கூடாது. அதைக் கணக்காகவே எழுதிப் பார்த்தவர்கள் தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும், அவர்களோடு கமலா கிருத்திவாசனும். 1974-இல் வந்தது அந்த ஆய்வுக் கட்டுரை. அங்கேதான் இந்த வாரம் போயிருக்க வேண்டும். போயிருப்பேன், செவ்வாய்க்கிழமை தாரமங்கலம் பஸ் ஏறாமல் இருந்திருந்தால்.

எங்கள் ஊர் கோதண்டராமர் கோயிலிலேயே தூண் தூணாகச் சிற்பம் இருக்க, மேற்கே அவ்வளவு தூரம் எதற்கு என்று ஊரில் கேட்கத்தான் செய்வார்கள். தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலில், கெட்டி முதலிகள் எழுப்பிய மண்டபத்தில், ஒரு யாளியின் வாய்க்குள் கல் உருண்டை இருக்கிறது. அதைப் பார்க்கத்தான் போனேன். அதே மண்டபத்தில் ராமன் மறைந்து நின்று அம்பு விடுகிற தூணும், வாலி நிற்கிற தூணும் உண்டு. ராமன் பக்கம் நின்றால் வாலி தெரிவான். வாலி பக்கம் நின்றால் ராமன் தெரியமாட்டான். பார்க்கிறவன் எங்கே நிற்பான் என்பதைச் சிற்பி முதலிலேயே கணக்குப் போட்டுவிட்டார். கண்ணுக்கு எது தெரியும், எது மறையும் என்று தீர்மானித்து, தெரிவதற்கு மட்டும் உழைப்பதுதான் டெமோ எழுதுகிறவனின் பாதித் தொழில்.

உருண்டைக்கு வருவோம். விரலை விட்டால் உருளும். வெளியே எடுக்க வராது. பல் இடுக்கைவிட உருண்டை பெரிது. எனக்கு முன்னால் நின்ற பையன் விரலால் உருட்டி உருட்டிப் பார்த்துவிட்டு அம்மாவிடம் கேட்டான்: “இத எப்படிம்மா உள்ள போட்டாங்க?”

“போடலடா. அந்தக் கல்லுலயே அங்கியே செதுக்கினது.”

பையன் நம்பவில்லை, மறுபடி உருட்டினான். நான் 256-ஐ நினைத்துக்கொண்டு நின்றேன். ஒரே கல், வெளியிலிருந்து எதுவும் வரவில்லை. பல் இடுக்கு வழியாக உளி போய்த் தேவையில்லாததை எடுக்க எடுக்க, மிச்சம் நின்றது உருளத் தொடங்கியிருக்கிறது. ஓகெசனின் மெட்டும் அப்படித்தான் உள்ளே இருக்கிறது. பெட்டிக்குள் பொருளைத் திணித்துக் காட்டினால் அது சாமர்த்தியம். எதையும் திணிக்காமல் உள்ளேயே பிறக்கவைத்தால், சார்ப்ரூக்கனில் எழுந்து நின்று கைதட்டுகிறார்கள். தாரமங்கலத்தில் எத்தனையோ தலைமுறையாக விரலை விட்டு உருட்டிப் பார்க்கிறார்கள். இரண்டும் ஒரே மரியாதைதான்.

பஸ்ஸில் திரும்பும்போது போனிலேயே இந்தக் கட்டுரையை எழுத ஆரம்பித்தேன். இப்போது கோப்பின் அளவைப் பார்த்தால் முப்பதாயிரம் பைட்டைத் தாண்டிவிட்டது. 256 பைட்டைப் பற்றிச் சொல்ல நூறு மடங்குக்கு மேல் செலவழித்திருக்கிறேன். அம்மாவிடம் காட்டினால் கம்பி எங்கே விட்டுப்போயிற்று என்று சொல்லிவிடுவார், காட்டவில்லை.

தாம்பரம் அடுத்த வாரம்.