டயரின் பேச்சைக் கைக்குக் கொண்டுவரும் ஸ்டீயரிங்

திரையில் ஓடும் பந்தயக் காரின் டயர்களில் எழும் விசைகளைக் கணினி கணக்கிட, அவற்றை ஒரு மோட்டாரின் வழியாக ஓட்டுபவரின் கைக்குச் சேர்ப்பிக்கும் கருவியே ஃபோர்ஸ் ஃபீட்பேக் ஸ்டீயரிங் எனப்படுகிறது. 1989-இல் அடாரி நிறுவனம் வெளியிட்ட 'ஹார்டு டிரைவின்' என்னும் ஆர்கேட் விளையாட்டிலேயே இந்த ஏற்பாடு இருந்தது என்றாலும், வீட்டு மேசையில் பொருத்தும் பொருளாக அது பரவியது 1990-களின் பிற்பகுதியில்தான். இதை வாங்க முனைபவர் பெரும்பாலும் முதலில் தேடுவது மோட்டாரின் பலத்தைக் குறிக்கும் எண்ணை. அந்தப் பலம் எதற்கு என்று தெரியாதவரை எண்களை ஒப்பிடுவதில் பெரிய பயன் இல்லை.

உண்மையான கார் வளைவில் திரும்பும்போது, முன் டயர் தரையில் படியும் பகுதி சற்றே நெளிகிறது. பக்கவாட்டு விசை அப்பகுதியின் நடுவுக்குக் கொஞ்சம் பின்னால் செயல்படுவதால், சக்கரத்தை நேராக்க முயலும் ஒரு முறுக்கம் பிறந்து, ஸ்டீயரிங் கையில் கனக்கிறது. திருப்பம் கூடக் கூட இந்தக் கனமும் கூடுகிறது; ஆயினும் டயர் தன் பிடிப்பின் எல்லையை நெருங்கும்போது விசை செயல்படும் இடம் நடுவை நோக்கி நகர்ந்துவிடுவதால், முன்சக்கரங்கள் வழுக்கத் தொடங்குவதற்குச் சற்று முன்பே ஸ்டீயரிங் இலேசாகிறது. அசையாத நாற்காலியில் அமர்ந்திருக்கும் வீட்டு ஓட்டுநருக்கு உடலைப் பக்கவாட்டில் தள்ளும் விசை எதுவும் கிடைப்பதில்லை என்பதால், இந்த எச்சரிக்கையைப் பெரும்பாலும் கையே அவருக்குத் தர வேண்டும். அந்தத் தளர்வு எவ்வளவு தெளிவாக வந்து சேர்கிறது என்பதே கருவியின் தரம்.

அதைத் தீர்மானிப்பது, மோட்டாரின் சுழற்சி ஸ்டீயரிங்குக்கு வந்து சேரும் வழி. லாஜிடெக் ஜி29 போன்ற தொடக்கநிலைக் கருவிகளில் பல்சக்கரங்கள் அந்த வேலையைச் செய்கின்றன. நீண்ட நாள் உழைக்கும் அமைப்பு அது, ஆனால் பற்களுக்கிடையே உள்ள மயிரிழை இடைவெளி காரணமாக, விசை திசை மாறும் ஒவ்வொரு முறையும் ஒரு சிறு தட்டல் கேட்கும், நுண்ணிய அதிர்வுகள் அதில் மறைந்துபோகும். த்ரஸ்ட்மாஸ்டர் டி300 போன்றவற்றில் ரப்பர் பெல்ட் விசையை வழுவழுப்பாகக் கடத்தினாலும், அந்த நெகிழ்வே சில நுட்பங்களை மழுக்கிவிடுகிறது. டைரக்ட் டிரைவ் எனப்படும் மூன்றாம் வகையில் இடைத்தரகர் எவருமில்லை; மோட்டாரின் தண்டிலேயே ஸ்டீயரிங் பூட்டப்படுகிறது. ஒரு காலத்தில் வசதி படைத்தவர்களுக்கு மட்டுமே எட்டிய இவ்வகை, 2021-இல் வந்த ஃபனாடெக் சிஎஸ்எல் டிடி போன்றவற்றால் நடுத்தர விலைக்கு இறங்கியது.

பலம் நியூட்டன்-மீட்டர் என்னும் முறுக்குவிசை அலகில் சொல்லப்படுகிறது. முப்பது சென்டிமீட்டர் விட்டமுள்ள ஸ்டீயரிங்கில் 2 நியூட்டன்-மீட்டர் என்பது விளிம்பில் ஏறத்தாழ 1.4 கிலோ எடை தொங்குவதற்கும், 8 என்பது ஐந்தரைக் கிலோவுக்கும் ஒப்பாகும். அதிகப் பலத்தின் உண்மையான ஆதாயம் கை வலிப்பதில் இல்லை. மோட்டாரால் தர முடிந்ததைவிட அதிக விசையை விளையாட்டு கேட்கும்போது, திருவிழா ஒலிபெருக்கி அளவுக்கு மீறி அலறினால் பாட்டின் நயம் சிதைவதைப் போல, உச்சத்திலுள்ள ஏற்ற இறக்கங்கள் யாவும் ஒரே மட்டமாக வெட்டப்படுகின்றன. இதையே கிளிப்பிங் என்பர். பலமான மோட்டாரில் இதற்கு இடம் குறைவு. வீட்டுக்கு 5 முதல் 8 வரை தாராளமாகப் போதும். 20-ஐத் தாண்டும் கருவிகள் விபத்தின்போது கட்டைவிரலைச் சுளுக்க வல்லவை என்பதால்தான் அவசர நிறுத்தப் பொத்தானோடு வருகின்றன.

பணம் முழுவதையும் ஸ்டீயரிங்கில் கொட்டிவிட்டுப் பெடல்களை மறந்துவிடுவது பரவலான பிழை. மலிவான பிரேக் பெடல் கால் நகர்ந்த தூரத்தை அளக்கிறது. மளிகைக் கடையின் மின்னணுத் தராசுக்குள் இருக்கும் அதே லோட் செல்லைக் கொண்ட பெடலோ, அழுத்தத்தை அளப்பதால் உண்மையான பிரேக்குக்கு நெருங்கி நிற்கிறது. அதை ஓங்கி மிதித்தால் உருளைக்கால் நாற்காலி பின்னோக்கி ஓடிவிடும், மெல்லிய மேசையோ ஆடும். ஆகவே உறுதியான சட்டகத்துக்கான செலவையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். ஜி29 பிளேஸ்டேஷனுக்கும் ஜி920 எக்ஸ்பாக்ஸுக்கும் உரியவை என்பதுபோன்ற பொருத்தப்பாட்டைக் கடையிலேயே பார்த்துக்கொள்வது நல்லது. கணினியில் இரண்டுமே இயங்கும்.

வாங்கியபின் செய்ய வேண்டிய வேலை ஒன்று எஞ்சுகிறது. 'அசெட்டோ கோர்சா' என்னும் கார்ப் பந்தய விளையாட்டில் பெடல் அளவுகளைக் காட்டும் சிறு கட்டத்தில் ஃபோர்ஸ் ஃபீட்பேக்குக்கும் ஒரு பட்டை உண்டு. கிளிப்பிங் நேரும்போது அது சிவக்கும். நீண்ட வளைவு முழுவதும் அப்பட்டை சிவந்தே இருந்தால் விசை அளவைப் படிப்படியாகக் குறைத்து, பாதையோர மேட்டில் சக்கரம் ஏறும் கணத்தில் மட்டும் சிவப்பு எட்டிப்பார்க்கும்படி நிறுத்திக்கொள்ளலாம்.