சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம்!

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கூட்டரசு நெடுஞ்சாலைப் பக்கம் பார்த்தால் தெரியும். பட்டணத்துப் பிள்ளைகள் கும்பலாகச் சைக்கிள் மிதித்துப் போகிறார்கள். பிரிக்பீல்ட்ஸ் பக்கமிருந்து கிளம்பி, மோட்டார் சைக்கிள் தடத்தோடு பெட்டாலிங் ஜெயா, ஷா ஆலாம் தாண்டிக் கிள்ளான். பிறகு தெலுக் பங்ளிமா காராங் வழியாகக் கேரித்தீவுச் செம்பனைக் காடு. காசு செலவழித்து வெயிலில் மிதிக்கிறார்களே என்று நம்மாட்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், நல்ல பழக்கம்தான்.

ஆனால் தோழர்களே, இதே கிள்ளான் தோட்டப் பாதைகளில் ஒரு காலத்தில் நம் பாட்டன்மார் சைக்கிளில் போனால், எதிரே துரை வந்ததும் இறங்கி ஒதுங்கி நிற்க வேண்டும். துரைக்கு மட்டுமா? கிராணிக்கும்தான்!

1941-இல் கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம், ஆர். எச். நாதன் முன்னிற்க, போராட்டத்தில் இறங்கியது. சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி, கள்ளுக்கடையை மூடு, நம் பெண்களிடம் வாலாட்டாதே, பிள்ளைகளுக்குச் சரியான படிப்பு. இந்தக் கோரிக்கைகளோடு இன்னொன்றும் இருந்தது: துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம்! இதெல்லாம் ஒரு கோரிக்கையா என்று இன்றைக்குக் கேட்கலாம். எனக்கென்னவோ கூலிக் கோரிக்கைக்கு இது ஒரு படியும் குறைந்ததல்ல என்றுதான் படுகிறது.

அந்த மே மாதம் நாதனைப் பிடித்தார்கள். பிறகு இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். வேலைநிறுத்தம் பரவியது. பட்டாளம் வந்தது, துப்பாக்கி வெடித்தது, தொழிலாளர்கள் செத்தார்கள். டிசம்பரில் ஜப்பான்காரன் கோத்தா பாருவில் இறங்கினான். அவன் படையில் ஆயிரக்கணக்கானோர் வந்ததும் சைக்கிளில்தான். 1942 ஜனவரி 11-இல் கோலாலம்பூர் விழுந்தது.

நம் பிள்ளைகளும் கேரித்தீவுக்குப் போகலாம். வெயிலுக்கு முன்னே கிளம்புங்கள். தண்ணீர், காற்றடிக்கும் பம்பு, உபரியாக ஒரு டியூப் வேண்டும். செம்பனை லாரி வந்தால் மட்டும் ஒதுங்கிக் கொடுங்கள்.