ஓட்டக்களத்திலிருந்து ஊழியக்களத்திற்கு



விளையாட்டு வீரரான ஒரு வாலிபரின் விசுவாசம் எப்படி வளர்கிறது? எரிக் லிடலின் வாழ்க்கையில் அதைக் காண்கிறோம்.

1923-இல் எடின்பரோவில் படிக்கையில், மாணவர் சுவிசேஷக் குழுவோடு சென்று முதன்முறையாகச் சாட்சி கூறினார். அந்த ஐக்கியம் அவரைப் பலப்படுத்தியது. 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில், முதற்சுற்று ஞாயிறன்று வந்ததால் 100 மீட்டர் ஓட்டத்தை விட்டுவிட்டார். 400 மீட்டரில் தங்கம் வென்றார்.

1925-இல் மிஷனெரியாகச் சீனா சென்றார். அண்ணன் டாக்டராக ஊழியம் செய்த சியாவ்சாங் மிஷன் ஆஸ்பத்திரிக்கு, போரில் காயப்பட்டவர்களை வண்டியில் கொண்டுவந்து சேர்த்தார். 1943 முதல் வெய்சியன் கைதி முகாமில், பிள்ளைகள் சண்டையிடாதபடி ஞாயிறு ஆட்டத்துக்கும் நடுவராக நின்றார். 1945-இல் அங்கேயே கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

பதக்கத்துக்காக விட்டுக்கொடுக்காத ஓய்வுநாளைப் பிள்ளைகளுக்காக விட்டுக்கொடுத்தார். ஊழியம் அவருக்குக் கற்பித்த அன்பு அது. உங்கள் சபை வாலிபரையும் நோயாளிகளைச் சந்திக்க அனுப்புங்கள். அவர்களுக்காக எங்களோடு ஜெபியுங்கள்.