ரூத் நூலிற் சிறகும் போர்வையும்

பழைய ஏற்பாட்டில் ரூத் என்னும் நூல் நான்கே அதிகாரங்கள் உடையது. 85 வசனங்களில் முடிந்துவிடுவது. கைம்பெண் ஒருத்தியின் மறுமணமே அதன் பொருள். நம்பிக்கைக்கு எடுத்துக்காட்டாக இந்நூலைப் பலரும் கூறுவர். ஆயின், அந்நம்பிக்கை நூலில் எவ்விடத்து, யார் வாயிலாக வெளிப்படுகின்றது என வினவின் விடை எளிதிற் கிடைப்பதில்லை. இந்நூலிற் கடல் பிளக்கவில்லை, வானவர் தோன்றவில்லை, கனவிலும் இறைவன் பேசவில்லை. இறைவன் செயல் புரிந்தான் என ஆசிரியர் கூற்றாக வருமிடங்கள் இரண்டே. பஞ்சம் நீக்கித் தன் மக்களுக்கு அப்பம் அருளினான் என்பது ஒன்று. அதுவும் நகோமி செவிவழி அறிந்த செய்தியே. ரூத்துக்குக் கருவளித்தான் என்பது மற்றொன்று. இவற்றிற்கு இடைப்பட்டன எல்லாம் மாந்தர் சொல்லும் செயலுமேயாம். ஆகலின் அச்சொற்களையே யாம் ஆராயப் புகுகின்றோம்.

கதை யாவரும் அறிந்ததே. பஞ்சத்தால் பெத்லகேமை விட்டு மோவாபு நாடு புகுந்த நகோமி, கணவனையும் மைந்தர் இருவரையும் ஆங்கே இழந்து மீள்கின்றாள். மருமக்களுள் ஓர்பாள் நின்றுவிட, ரூத் உடன் வருகின்றாள். மோவாபியர் பத்தாந் தலைமுறையளவும் கடவுளின் சபையுட் புகலாகாது என உபாகமம் (23:3) விலக்கியிருத்தலை நினையின், அவள் அடியெடுத்து வைத்த மண் அவளை வரவேற்கக் காத்திருந்த மண் அன்று என்பது புலனாம்.

நம்பிக்கை என்னும் சொல் நூலில் ஒருமுறையே வருகின்றது. அதுவும் நம்பிக்கை இழந்தவள் வாயில். எனக்கு நம்பிக்கை உண்டெனக் கொண்டாலும் உங்கட்குப் பயன் யாது என்னும் கருத்துப்பட நகோமி அதனை மொழிகின்றாள் (1:12). மூலத்தில் ஆங்குள்ள எபிரேயச் சொல் 'திக்வா' என்பது. எரிகோவின் ராகாப் தன் சாளரத்திற் கட்டிய சிவப்பு நூற்கயிற்றைக் குறிக்கவும் யோசுவா நூல் (2:18) இச்சொல்லையே வழங்குகின்றது. மத்தேயு தரும் தலைமுறைப் பட்டியலின்படி அந்த ராகாபே போவாசின் தாய். இவ்வொப்புமை சுவையுடையது, எனினும் ரூத் நூலாசிரியர் இதனைக் கருதியே எழுதினார் என்பதற்குச் சான்றாகாது. பட்டியல் காலத்தாற் பிற்பட்டது.

உறுதியான சான்று பிறிதோரிடத்து உளது. போவாசின் வயலில் ரூத் கதிர் பொறுக்குகின்றாள். மாமிக்கு அவள் ஆற்றிய நன்மையைக் கேட்டறிந்த போவாஸ், இஸ்ரவேலின் கடவுளது சிறகின்கீழ் அடைக்கலம் நாடி வந்தவளுக்கு நிறைந்த பலன் கிட்டுக என வாழ்த்துகின்றான் (2:12). அன்றைய உணவும் கூடுதலாகச் சில கதிரும் ஈந்ததன்றி, அறுவடை முடியுமளவும் அவன் வேறொன்றும் செய்ததாக நூல் கூறவில்லை. பின்னர்க் களத்தில் வாற்கோதுமை தூற்றிய இரவில், ரூத் அவன் காலடியிற் கிடக்கின்றாள். திடுக்கிட்டு விழித்தவன் நீ யார் என்கின்றான். அவளோ, தன்மேல் அவனது 'கானாப்'பை விரிக்குமாறு வேண்டுகின்றாள் (3:9).

'கானாப்' என்பது சிறகு. ஆடையின் ஓரமும் அதுவே. ஆடையோரத்தை ஒருத்திமேல் விரித்தல் அவளை மனைவியாக ஏற்றலைக் குறிக்கும் என்பதற்கு எசேக்கியேல் 16:8 சான்று. வயலிற் போவாஸ் மொழிந்த சொல்லும் இச்சொல்லே. இறைவனின் சிறகு உன்னைக் காக்க என்றவனிடமே, அச்சிறகை நீர் விரியும் என்கின்றாள். வாழ்த்தியவனுக்கே வாழ்த்துக் கடனாகின்றது. இவையனைத்தும் நகோமியின் சூழ்ச்சியேயன்றி நம்பிக்கையன்று என்பாரும் உளர். சூழ்ச்சி நகோமியினது என்பது மெய்யே. ஆயினும், செய்யவேண்டுவதை அவனே உனக்குச் சொல்வான் என்பதோடு அவள் அறிவுரை முடிகின்றது (3:4). ரூத் அதற்குக் காத்திராமல், செய்யவேண்டுவதைத் தானே அவனுக்குச் சொல்கின்றாள். அவ்வொரு வாக்கியம் மாமி கற்பித்ததன்று.

தமிழில் மட்டும் பயில்வார்க்கு இந்நயம் எட்டுவதில்லை. சீர்திருத்தத் திருச்சபையாரிடை நெடிது வழங்கும் மொழிபெயர்ப்பில் முன்னிடத்துச் 'செட்டை' என்றும் பின்னிடத்துப் 'போர்வை' என்றும் வருதலின் இரண்டும் தொடர்பற்று நிற்கின்றன. மொழிபெயர்த்தோரைக் குறைகூறுதல் எம் நோக்கமன்று. (தரங்கம்பாடியில் 1719-இல் மறைந்த சீகன்பால்க் பழைய ஏற்பாட்டில் தமிழாக்கி வந்த பகுதி இந்த ரூத் நூலோடு நின்றதென்பதும் ஈண்டு நினையத்தக்கது.) பொருள் தெளிவை நோக்கின் இரண்டு சொற்களும் பொருந்துவனவே. பழந்தமிழில் 'சிறை' என்னும் சொல்லுக்குச் சிறகு, பக்கம், காவல் என்னும் மூன்று பொருளும் உண்டு. 'கானாப்'புக்கு இத்துணை அணுக்கமான சொல் தமிழிற் பிறிதில்லை என்பது எம் கருத்து. இன்று அது சிறைச்சாலையையே நினைப்பூட்டுதலால் அதனை ஆளவும் இயலாது. மொழிபெயர்ப்பார் அடிக்குறிப்பாலேனும் இத்தொடர்பைக் காட்டுதல் வேண்டும்.

மற்றொரு சொல்லைத் தமிழ் நன்கு காத்துள்ளது. நிறைவாய்ப் போன தன்னை இறைவன் வெறுமையாய்த் திரும்பச் செய்தான் என ஊர்ப்பெண்டிரிடம் நகோமி முறையிட்டாள் (1:21). களத்தினின்று ஆறு படி வாற்கோதுமையோடு மீண்ட ரூத், மாமியிடம் வெறுமையாய்ப் போகவேண்டா எனப் போவாஸ் சொன்னதாக உரைக்கின்றாள் (3:17). இரண்டிடத்தும் மூலச்சொல் 'ரேகாம்'. தமிழிலும் ஒரே சொல். அம்முறையீட்டைப் போவாஸ் கேட்டதாக நூலில் இல்லை, கேட்டவள் ரூத்தே.

ஊர்வாயிலில் நெருங்கிய உறவினன் மீட்புரிமையை விட்டுக்கொடுக்க, மணம் நிகழ்கின்றது. இவ்விறுதி அதிகாரத்தில் நகோமியின் கூற்று ஒன்றேனும் இல்லை. அயற்பெண்டிரே பேசுகின்றனர், ஏழு மைந்தரினும் மேலானவள் எனத் தம் ஊர்க்காரரல்லாத ரூத்தைப் புகழ்கின்றனர், பிறந்த மகவுக்கு ஓபேத் எனப் பெயரிடுவோரும் அவரே. நகோமி அம்மகவைத் தன் மார்பில் அணைத்துக்கொள்கின்றாள்.