மதர்போட்டை மாற்றினால் விண்டோஸையும் திரும்பப் போட வேண்டுமா?

மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரையுள்ள கரையோர ஊர்களில் இன்று பல சங்கங்களிடம் ஒரு கணனி இருக்கிறது. அது கமக்கார அமைப்பாகவோ மாதர் சங்கமாகவோ இடம்பெயர்ந்தோர் குழுவாகவோ இருக்கலாம். உறுப்பினர் பட்டியல், சேமிப்புக் கணக்கு, உரத்திற்குப் பதிந்தவர்களின் விபரம் எல்லாம் அந்தக் கணனியில்தான் கிடக்கின்றன. இவற்றைவிடப் பெறுமதியானவையும் உண்டு. அவை காணி அனுமதிப்பத்திரங்களின் படங்கள், பழைய வரைபடங்கள், பிரதேச செயலகத்திற்கு எழுதிய கடிதங்கள், அங்கிருந்து வந்த பதில்கள் என்பன.

1990ஆம் ஆண்டு வன்செயலின்போது உடுத்த துணியோடு வெளியேறிய குடும்பங்கள் பத்திரங்களை வீட்டிலேயே விட்டு வந்தன. 2004 டிசம்பர் 26ஆந் திகதி கடல் எழுந்து வந்தபோது அலுமாரியோடு பத்திரமும் போயிற்று. அதன் பிறகு ஒவ்வொரு கந்தோராக ஏறி இறங்கிச் சேர்த்த பிரதிகளையே இன்று கணனியில் ஏற்றி வைத்திருக்கிறோம். அவற்றை மூன்றாந் தடவையும் இழக்க நம்மால் முடியாது.

அந்தக் கணனி ஒருநாள் எழும்பவில்லை என்று வைத்துக்கொள்வோம். திருத்துமிடத்திற்குக் கொண்டுபோனால், “மதர்போட் போய்விட்டது, புதிது போட வேண்டும். அதோடு போமட் பண்ணி விண்டோஸும் திரும்பப் போட வேண்டும்” என்று சொல்வார்கள். நாமும் சரியென்று தலையாட்டிவிட்டு வருகிறோம். இது அவசியந்தானா? இரண்டு நாளுக்குப் பிறகு கணனி திரும்பி வரும்போது நமது பத்திரங்கள் அதனுள் இருக்குமா?

சுருக்கமான பதில் இதுதான். விண்டோஸைத் திரும்பப் போடுவது சில வேளைகளில் தேவை, பல வேளைகளில் தேவையில்லை. எந்த வேளையிலும் பிரதி எடுப்பதே முதல் வேலை.

எது எங்கே இருக்கிறது?

ஒரு வயல் வட்டையை நினைத்துப் பாருங்கள். வாய்க்கால், மதகு, வரம்பு எல்லாம் சேர்ந்த அமைப்பைப் போன்றது மதர்போட். கணனியின் உறுப்புகள் யாவும் அதில்தான் பொருந்துகின்றன. பாடப் புத்தகங்களில் இதைத் தாய்ப்பலகை என்பார்கள். எந்த வாய்க்காலில் எப்போது நீர் விடுவது என்று பார்த்து நடத்தும் வட்டை விதானையைப் போன்றது விண்டோஸ். அறுத்துத் தூற்றிக் களஞ்சியத்தில் சேர்த்த நெல்லைப் போன்றவை நமது கோப்புகள்.

விதானையும் நெல்லும் இருப்பது ஹார்ட் டிஸ்க் எனப்படும் வன்தட்டில். மதர்போட் எரிந்தாலும் வன்தட்டு பெரும்பாலும் தப்பியிருக்கும். ஆகவே மதர்போட்டை மாற்றுவதால் மட்டும் ஒரு கோப்பும் அழிவதில்லை. போமட் பண்ணுவதால்தான் அழிகிறது. ஒரே வன்தட்டிலிருந்து விதானையை நீக்கப் போய், பக்கத்தில் இருக்கும் நெல்லையும் சேர்த்துக் கொட்டிவிடுகிறார்கள்.

அப்படியானால் ஏன் விண்டோஸைத் திரும்பப் போடச் சொல்கிறார்கள்? பழைய வட்டையின் மதகுகளை மட்டுமே அறிந்த விதானை புதிய வட்டையில் தடுமாறுவான் அல்லவா? ஒவ்வொரு மதர்போட்டையும் இயக்குவதற்கு ட்ரைவர் எனப்படும் சிறு செயலிகள் தேவை. பலகை மாறினால் அவையும் மாற வேண்டும். சில விண்டோஸ் பதிப்புகள் அந்த மாற்றத்தைத் தாமே செய்துகொள்ளும், சில செய்யமாட்டா.

பழுது மதர்போட்டில்தானா?

கடற்கரை ஊர்களில் உப்புக் காற்றும் ஈரப்பதனும் உலோக இணைப்புகளை அரிக்கின்றன. ஒக்டோபர், நவம்பர் மாதங்களின் இடிமின்னலில் மின்சாரம் கூடிக் குறைகிறது. மதர்போட் பழுதாக இவை போதும். ஆயினும் கணனி எழும்பாததற்கு வேறு காரணங்களும் உண்டு. மின்வழங்கிப் பெட்டி போயிருக்கலாம். ரேம் பலகையின் இணைப்பில் களிம்பு பிடித்திருக்கலாம். நேரத்தைக் காக்கும் சிறு வட்ட பற்றரி தீர்ந்திருந்தாலும் சில கணனிகள் தொடக்கத்திலேயே நின்றுவிடும். இவை மலிவாகத் திருத்தக்கூடியவை. இவற்றைப் பரிசோதித்தீர்களா என்று முதலில் கேளுங்கள்.

முதல் வேலை பிரதி எடுப்பது

கணனி செத்திருந்தாலும் பிரதி எடுக்கலாம். வன்தட்டைக் கழற்றி, யூஎஸ்பி வயருள்ள ஓர் உறையில் மாட்டி, வேறு கணனியில் இணைத்தால் கோப்புகள் தெரியும். அவற்றை இரண்டு இடங்களில் பதிய வேண்டும். ஒன்று சங்கத்தில் இருக்கட்டும், மற்றது வேறொரு வீட்டில் இருக்கட்டும். பதிந்த பின் நாலைந்து கோப்புகளைத் திறந்து பார்க்காமல் எழும்ப வேண்டாம்.

இங்கே இரண்டு விடயங்களைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

முதலாவது எழுத்துரு. நமது பழைய கடிதங்கள் பல பாமினி எழுத்துருவில் தட்டப்பட்டவை. அந்த எழுத்துரு இல்லாத கணனியில் கடிதத்தைத் திறந்தால் தமிழ் தெரியாது, பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தெரியும். கடிதம் கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் எழுத்துருக்களையும் சேர்த்துப் பிரதி எடுத்து, புதிய விண்டோஸில் அவற்றை நிறுவினால் தமிழ் திரும்பி வரும். இனி எழுதுவதை யூனிகோட்டில் எழுதினால் இந்தத் தொல்லை இல்லை.

இரண்டாவது பூட்டு. புதிய கணனிகள் பலவற்றில், குறிப்பாக மடிக்கணனிகளில், வன்தட்டு முழுவதும் மறைகுறியாகப் பூட்டப்பட்டிருக்கும். இதற்குப் பிட்லொக்கர் என்று பெயர். இதன் திறப்பு மதர்போட்டோடு சேர்ந்த டிபிஎம் என்னும் பாதுகாப்புப் பகுதியில் இருக்கிறது. பலகையை மாற்றினால் கணனி 48 இலக்கங்கள் கொண்ட மீட்பு எண்ணைக் கேட்கும். அந்த எண் இல்லையென்றால் எந்தக் கடைக்காரராலும் கோப்புகளைத் திறக்க முடியாது, வன்தட்டை வேறு கணனியில் மாட்டினாலும் பயனில்லை. கணனியைத் தொடங்கியவரின் மைக்ரோசொஃப்ட் கணக்கில் அந்த எண் பெரும்பாலும் பதியப்பட்டிருக்கும். எனவே கணனி நன்றாக இருக்கும்போதே எண்ணைக் கடதாசியில் எழுதி, சங்கத்தின் கணக்குப் புத்தகத்தைப் போலப் பாதுகாக்க வேண்டும். அது பொருளாளரின் மகனுடைய தனிப்பட்ட கணக்கில் கிடந்து, அவர் வெளிநாடு போய்விட்டால் என்ன செய்வது?

திரும்பப் போடத் தேவையில்லாத சந்தர்ப்பங்கள்

முதலாவது, அதே மாதிரி மதர்போட் கிடைத்தால். பாவித்த பலகையாயினும் அதே கம்பனி, அதே மாதிரி இலக்கம் என்றால் பழைய விண்டோஸ் எவ்வித மாற்றமுமின்றி எழும்புவது வழமை.

இரண்டாவது, விண்டோஸ் 10 அல்லது 11 இருந்தால். பலகை வேறாக இருந்தாலும் இவை முதல் தடவை எழும்பும்போதே புதிய உறுப்புகளை இனங்கண்டு தம்மைச் சரிசெய்ய முயலும். இரண்டொரு தடவை தானாக நின்று தொடங்கலாம், பொறுமையாக விடுங்கள். பிறகு மதர்போட் கம்பனியின் ட்ரைவர்களைப் போட்டால் வேலை முடிந்தது. எழும்பாவிட்டாலும் உடனே கைவிட வேண்டாம். பழைய வன்தட்டு பழைய பயோஸ் முறையிலும், புதிய பலகை யூஈஎஃப்ஐ என்னும் புது முறையிலும் அமைந்திருக்கலாம். அல்லது வன்தட்டுக்கான சாட்டா அமைப்பு மாறியிருக்கலாம். தேர்ந்த திருத்துநர் இவற்றைப் பயோஸ் திரையில் சரிபார்ப்பார்.

மூன்றாவது, உபுண்டு போன்ற லினக்ஸ் இருந்தால். பெரும்பாலான ட்ரைவர்கள் அதன் உள்ளேயே இருப்பதால் பலகை மாறினாலும் அது பொதுவாக எழும்பிவிடும்.

திரும்பப் போட வேண்டிய சந்தர்ப்பங்கள்

விண்டோஸ் எக்ஸ்பி அல்லது 7 இருந்து, மதர்போட் வேறு வகையாக இருந்தால் பெரும்பாலும் நீலத் திரையில் நின்றுவிடும். எக்ஸ்பிக்கான ஆதரவை மைக்ரோசொஃப்ட் 2014இலும், விண்டோஸ் 7க்கான ஆதரவை 2020இலும் நிறுத்திவிட்டது. அவற்றை உயிர்ப்பிக்கக் காசு செலவழிப்பது வீண்.

விண்டோஸ் 10க்கான பொதுவான இலவச ஆதரவும் 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்தது. அது உடனே வேலை செய்யாமல் போவதில்லை. ஆனால் கூடுதல் காலத் திட்டத்தில் சேராத கணனிகளுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவதில்லை. ஆகவே புதிய மதர்போட் வாங்குவதாயின் விண்டோஸ் 11ஐ ஏற்கும் பலகையா என்று கேளுங்கள். அதற்கு டிபிஎம் 2.0, குறைந்தது 4 ஜீபி ரேம், 64 ஜீபி வன்தட்டு, மைக்ரோசொஃப்ட் ஏற்றுக்கொண்ட புரொசசர் ஆகியன வேண்டும்.

பலகை மாறிய பின் கணனி அடிக்கடி தானாக நின்றாலோ, முன்பே வைரஸ் புகுந்து ஆமைபோல ஊர்ந்திருந்தாலோ, அப்போதும் புதிதாகப் போடுவதே நல்லது. அதற்கு மிகப் பாதுகாப்பான வழி ஒன்று உண்டு. சிறிய எஸ்எஸ்டி ஒன்றை வாங்கி விண்டோஸை அதில் போடச் சொல்லுங்கள். பழைய வன்தட்டை எவரும் தொடாமல் கழற்றி உங்கள் கையில் தரட்டும். விதைநெல்லைத் தனியே கட்டி வைப்பதைப் போல அதை வைத்திருங்கள்.

லைசென்ஸ் என்னாகும்?

கணனியோடு சேர்ந்து வந்த விண்டோஸ் உரிமம் பொதுவாக அதன் மதர்போட்டோடு கட்டுண்டது. பழுதுக்காகக் கம்பனியே அதே வகைப் பலகையை மாற்றித் தந்தால் உரிமம் தொடரும். நாமாக வேறு வகைப் பலகை போட்டால் மைக்ரோசொஃப்ட் அதைப் புதிய கணனி என்றே கொள்ளும். கடையில் தனியாக வாங்கிய சில்லறை உரிமத்தை மறு கணனிக்கு மாற்றலாம். இதற்கு வசதியாக, பலகையை மாற்றுவதற்கு முன்பே உரிமத்தை மைக்ரோசொஃப்ட் கணக்கோடு இணைத்துக்கொள்ளுங்கள். மாற்றிய பின் விண்டோஸின் செயற்படுத்தல் பக்கத்தில், அண்மையில் உறுப்பை மாற்றினேன் என்பதைத் தெரிவுசெய்யலாம். காசில்லையென்று போலிப் பிரதி போடுவதைவிட இலவசமான லினக்ஸைப் போடுவது மேல். கடிதம் எழுதவும் கணக்கு வைக்கவும் அது போதும்.

கணனியை ஒப்படைக்கும்போது

பின்வருவனவற்றை ஒரு துண்டில் எழுதி, பெற்றுக்கொள்பவரின் கையொப்பத்தோடு கொடுங்கள்.

1. எங்களைக் கேட்காமல் போமட் செய்ய வேண்டாம்.
2. வன்தட்டின் மாதிரி, தொடர் இலக்கம் இவை. இதே தட்டு திரும்பி வர வேண்டும்.
3. புதிய மதர்போட்டில் பழைய விண்டோஸ் எழும்புகிறதா என்று முதலில் பாருங்கள்.
4. கழற்றிய பழைய மதர்போட்டையும் திருப்பித் தாருங்கள்.

இப்படிக் கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. நெல் ஆலைக்கு மூடை அனுப்பும்போது எண்ணி அனுப்புகிறோம், எண்ணி வாங்குகிறோம். உறுப்பினர்களின் காணி விபரம் அந்நியர் கையில் இருக்கும்போது அதற்கும் கணக்கு வேண்டும்.

இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். கணனியில் இருப்பது பத்திரத்தின் படம் மட்டுமே. கந்தோர்களில் மூலப் பத்திரத்தையோ உறுதிப்படுத்திய பிரதியையோதான் கேட்பார்கள். எனவே அவற்றை ஈரம் படாத உறையில் இட்டு, அவசரத்தில் தூக்கிக்கொண்டு ஓடக்கூடிய இடத்தில் வையுங்கள்.

மாரிமழை தொடங்குவதற்கு முன் வரும் மாதக் கூட்டத்தில் மூன்று காரியங்களைத் தீர்மானியுங்கள்: பிரதி எடுப்பவர் யார், இரண்டாவது பிரதி எந்த வீட்டில் இருக்கும், 48 இலக்க எண்ணை எழுதி வைப்பவர் யார். இவை கூட்டறிக்கையில் பதியப்பட்டால், மதர்போட் எரிந்தாலும் சங்கத்திற்கு நட்டம் ஒரு மதர்போட்டின் விலையோடு நின்றுவிடும்.